ஹனோய் ஒழுங்கையில் ஒரு கோப்பி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரை)



இலக்கியத் தொடரிலே கோப்பியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்று யோசித்தார். கோப்பி குடித்தபடி இலக்கியம் பேசுவோரை அவர் நிறையக் கண்டிருக்கிறார். கோப்பியையே பேச வந்தவனை இப்போதுதான் காண்கிறாராம். அவருடைய ஐயம் நியாயமானதே. ஆனால் நான் சொல்லவிருக்கும் கோப்பியை எனக்குப் பழக்கியவர் ஒருவர் இருக்கிறார். போடும் முறையை மாத்திரம் சொல்லிவிட்டு அவரை விட்டுவிட என்னால் முடியவில்லை. அவரைச் சொல்ல வெளிக்கிட்டால் அது ஒரு கதையாகிவிடுகிறது. ஆகவே இத்தொடரில் இதற்கும் ஓர் இடமிருக்கும் என்று துணிந்து வந்திருக்கிறேன்.

2011 ஆம் ஆண்டு தை மாதம் ஒரு பயிற்சிநெறிக்காக வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குச் சென்றேன். மூன்று மாதம். தங்கியது பழைய நகரப் பகுதியிலே, ஓர் ஒழுங்கையின் உள்ளே, ஒரு வீட்டின் மேல்மாடி அறையில். அங்கே வீடுகள் முகப்பில் ஒடுக்கமாகவும் உள்ளே வெகு நீளமாகவும் இருக்கும். குழாய் வீடு என்றே அவர்கள் சொல்கிறார்கள். வியட்நாம் என்றால் வெப்பநாடு என்று எண்ணி மெல்லிய சேட்டுகளை அடுக்கிக்கொண்டு போன எனக்கு, வடக்கின் மாரிக் குளிரும் நாள் முழுதும் பூப்போலத் தூறும் மழையும் நல்ல பாடம் படிப்பித்தன.

வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது 70 வயது. அவருடன் பல்கலைக்கழகத்திலே படிக்கும் பேத்தி. பேத்திக்கு ஆங்கிலம் தெரியும். எங்கள் பேச்சு அவள் வழியாகவே நடந்தது. வியட்நாமிய மொழியிலே 'நான்', 'நீ' என்று பொதுவாகச் சொல்வது அரிது. பேசுபவர் தம்மையும் எதிரில் இருப்பவரையும் உறவுப் பெயராலேயே குறிப்பார். ஆகவே வந்த அன்றே உறவு தீர்மானமாகிவிட்டது. அவர் எனக்கு 'பா', அதாவது பாட்டி. நான் அவருக்கு 'ச்சாவ்', அதாவது பேரன். எங்கள் காதுக்கு அந்தச் சொல் அமங்கலமாக ஒலிக்கும். பாட்டிக்கோ அதைச் சொல்லும்போது வாய் நிறையப் பாசம். எங்கள் மொழியில் பா என்றால் செய்யுள், உங்கள் மொழியில் பாட்டி, இரண்டும் பழையவை, இரண்டையும் மதிக்க வேண்டும் என்று நான் சொன்னதைப் பேத்தி மொழிபெயர்க்க, அவர் கறுத்த பற்கள் தெரியச் சிரித்தார்.

விடிய ஆறு மணிக்குக் கீழே போனால் பாட்டி தாழ்ந்த முக்காலியில் இருப்பார். முன்னால் ஒரு சிறு கண்ணாடிக் குவளை. அதன் தலையிலே ஓர் அலுமினியப் பாத்திரம். அதுதான் 'ஃபின்'. வடிகட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் வியட்நாமியர் நாவிலே தேய்ந்து ஃபின் ஆயிற்று.

கருவி மிக எளிது. நாலே துண்டுகள். குவளையின் வாயிலே இருத்த, துவாரங்கள் கொண்ட ஒரு தட்டு. அதன்மேல், அடியிலே நுண்துவாரங்கள் இட்ட ஒரு சிறு பேணி. பேணிக்குள்ளே தூளை அமர்த்துவதற்கு ஒரு துவாரத் தகடு. மேலே மூடி. கடதாசியும் வேண்டாம், துணியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கழுவிக் கவிழ்த்தால் ஆயுளுக்கும் இருக்கும். எங்கள் தேநீர்க்கடைத் துணிவடியைப் போன்ற ஒன்று சைகோனிலே சில பழைய கடைகளில் உண்டு. வடக்கின் வீடுகளில் நான் கண்டதெல்லாம் இந்தத் தகர விளையாட்டுச் சாமான்தான்.

பாட்டியிடம் பழகிய முறையைச் சொல்கிறேன். முதலிலே குவளைக்குள் ரின்பால், இரண்டு மேசைக்கரண்டி. பேணியையும் தட்டையும் கொதிநீரால் ஒருமுறை கழுவிச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த உலோகம் நீரின் சூட்டைத் தின்றுவிடும். பின்னர் கோப்பித் தூள், குவித்த தேக்கரண்டியால் மூன்று அல்லது நாலு.  தூள் மா போல இருக்கக்கூடாது, குருணல் போலவும் இருக்கக்கூடாது. பேணியை மெல்லத் தட்டித் தூளை மட்டப்படுத்தித் தகட்டை அதன்மேல் வைக்க வேண்டும். வைப்பதுதான், அழுத்துவதல்ல. பின்பு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆறிய நீரில் ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு, தகட்டின்மேல் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். தூள் ஊறிப் பருக்கும். வறுத்த கொட்டையுள் அடைபட்டிருக்கும் வாயு குமிழியிட்டு வெளியேறும். முக்கால் நிமிடம் சென்றதும் பேணி நிறைய நீரை ஊற்றி மூடிவிடலாம். எல்லாமாக நூறு மில்லிலீற்றர் அளவு நீர்.

அதன்பிறகு சொட்டத் தொடங்கும். சொட்டுச் சொட்டாக வந்தால் சரி. ஐந்து நிமிடம் அளவில் பேணி வற்றும். மூடியை மல்லாத்தி மேசையில் வைத்து அதன்மேல் பேணியை வைத்தால் மிச்சச் சொட்டு மேசையை நனைக்காது. மூடியின் இரண்டாவது தொழில் அது. குவளையிலே கீழே வெள்ளையாய்ப் பாலும் மேலே மையிருட்டாய்க் கோப்பியும் கலவாமல் நிற்கும். கரண்டியால் அடியிலிருந்து கிண்டினால் மண்ணிறம். அதனால் வடக்கில் இதன் பெயரே 'நௌ', மண்ணிறம் என்பதுதான். வெயிற்காலத்தில் ஐஸ்கட்டி நிறைந்த குவளையில் ஊற்றுவர். கல்லுக்கும் ஐஸுக்கும் அவர்களிடம் 'டா' என்ற ஒரே சொல். நான் போனது மாரியாதலால், பாட்டி குவளையை ஒரு கிண்ணம் சுடுநீரில் இருத்தி வைப்பார்.

சொல்லும்போது இலகு. முதல் நாள் நானாகப் போட்டபோது, இறுக்கினால் சாரம் கூடுமென்று எண்ணித் தகட்டின் திருகாணியை முழுப் பலத்தோடு முறுக்கினேன். பத்து நிமிடமாகியும் ஒரு சொட்டும் இல்லை. பொறுமையிழந்து, நீர் நிற்கும்போதே திருகைத் தளர்த்தினேன். தூள் கிளம்பி, துவாரங்களால் இறங்கி, குவளையிலே மழைக்கால வயற்சேறு. பாட்டி எட்டிப் பார்த்தார். "கழுத்தைப் பிடித்தால் ஆர்தான் கதைப்பினம்?" என்ற கருத்துப்படப் பேத்தியிடம் சொன்னார். மறுநாள் பயத்திலே தகட்டை மிதக்க விட்டேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் ஓடி இறங்கிவிட்டது. நிறம் இருந்தது, உயிர் இல்லை. சரியான இடம் கைக்குப் பிடிபட இரண்டு கிழமை சென்றது.

இப்போதெல்லாம் கொழும்பிலும் பிற நகரங்களிலும் இதை ஆறுதலான வாழ்வின் அடையாளமாகச் சிலர் புகழ்கிறார்கள். எனக்கு அதிலே உடன்பாடு குறைவு. அந்த ஐந்து நிமிடத்திலே பாட்டி தியானம் செய்ததை நான் காணவில்லை. கீரை ஆய்ந்தார், அரிசி களைந்தார், ஒழுங்கையால் போகிறவளைக் கூப்பிட்டுத் தோடம்பழ விலை கேட்டார். கோப்பி தன்பாட்டில் வடிந்தது. வேலைகார வீட்டுக்கு ஏற்ற கருவி அது.

கோப்பியின் கசப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மிடறிலே நாவை அறையும் கசப்பு. காரணம் அது றொபஸ்ரா இனம். அராபிக்காவை விட ஏறத்தாழ இரட்டிப்புக் கஃபீன் உடையது. அங்கே அதைக் கறுக்க வறுத்து, வறுபடும்போது வெண்ணெய், சீனி, சில இடங்களில் அரிசி மதுவும் சேர்ப்பார்கள். உயர்தரக் கோப்பி பேசுவோர் றொபஸ்ராவை இழிந்த சாதி போல ஒதுக்குவதுண்டு. அவர்கள் ஒதுக்கட்டும். ஆனால் எங்களுக்கு அந்த உரிமை குறைவு. ஏனென்று சொல்கிறேன்.

வியட்நாமுக்குக் கோப்பிச் செடியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார், 1857 ஆம் ஆண்டளவில் என்பர். அக்காலத்தில் எங்கள் மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் முதலில் கொண்டுவரப்பட்டது தேயிலைக்கல்ல, கோப்பிக்கே என்பதை நேயர்கள் அறிவீர்கள். 1869 ஆம் ஆண்டிலே இலைகளின் அடியில் செம்மஞ்சட் பொடி தோன்றியது. ஒரு பங்கசு. அறிஞர்கள் அதற்கு ஹெமிலெயா வஸ்ராற்றிக்ஸ் என்று பெயரிட்டனர். பின்பாதிக்கு நாசகாரி என்று பொருள். இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி மடிந்து அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. நோய் கடல் கடந்து யாவாவையும் சுமாத்திராவையும் தின்றது. நோய்க்கு ஈடுகொடுக்கும் செடியைத் தேடியவர்கள் ஆபிரிக்கக் கொங்கோக் காட்டின் றொபஸ்ராவைக் கண்டெடுத்து 1900 ஆம் ஆண்டளவில் யாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஆசியா எங்கும் அது பரவியது. இன்று உலகிலே பிரேசிலுக்கு அடுத்த கோப்பி நாடு வியட்நாம். விளைவதிலே மிகப் பெரும்பங்கு றொபஸ்ரா. பாட்டியின் குவளைக் கசப்புக்குள்ளே எங்கள் மலைநாட்டின் அழிவும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

பாலும் அப்படித்தான். கறவை மாடு அருகிய, குளிர்ப்பெட்டி இல்லாத வெப்பநாட்டிலே பிரெஞ்சுக்காரர் கோப்பிக்குப் பால் தேடியபோது கிடைத்தது கப்பலில் வந்த ரின்பால். அதுவே சுவையாகிவிட்டது. அந்த ரின்பாலும் கிடையாதபோது? 1946 இல் ஹனோயின் மெற்றோபோல் ஹோட்டலிலே வேலை செய்த நுயென் வான் ஜாங் என்பவர், பால் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக முட்டை மஞ்சட்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்துக் கோப்பியின்மேல் இட்டார். அந்த முட்டைக்கோப்பிக்காக இன்று உல்லாசப் பயணிகள் அவர் பெயர்க் கடையில் காத்து நிற்கிறார்கள். நானும் குடித்தேன். நல்ல சுவை. ஒரு தரம் போதும்.

இனிப் பாட்டியிடம் வருகிறேன். எனக்கும் பேத்திக்கும் பால் விடும் அவர், தமக்கு ஒருநாளும் விட்டதில்லை. வெறுங்கோப்பி, சீனியும் இல்லை. நீரிழிவு என்றே நினைத்தேன். ஆனால் பண்டிகைப் பலகாரத்தை அவர் ஒரு கை பார்த்ததைக் கண்டபின் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. வேறொன்றும் கவனித்தேன். ரின் முடிந்தால் அவர் எறியமாட்டார். அதற்குள் சுடுநீர் விட்டுச் சுழற்றி, அந்த மங்கிய வெண்ணீரைப் பேத்தியின் குவளைக்குள் ஊற்றுவார். கழுவிய ரின் அரிசி அளக்கப் போகும். எங்கள் வீட்டிலும் பால் ரின்தான் அரிசி அளவு.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், கை படிந்துவிட்ட பெருமையிலே, இன்று நான் போடுகிறேன் என்றேன். மூன்று குவளை, மூன்றிலும் பால். நன்றாக வடிந்தது. பாட்டி தன் குவளையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் அதை எடுத்துக்கொண்டு போய், சுவரில் உயரத்தே இருந்த முன்னோர் பீடத்திலே, கணவரின் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி கொளுத்தினார். திரும்பி வந்து தமக்கு வெறுங்கோப்பி போட்டுக்கொண்டார். நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. அன்று முழுவதும் கீழே வர வெட்கமாக இருந்தது.

மாலையிலே பேத்தி சொன்னாள். சிலது அவளுக்கே தெரியாது. பாட்டியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்.

பாட்டியின் கணவர் அச்சகமொன்றிலே எழுத்துக்கோப்பவர். வியட்நாமிய மொழி உரோம எழுத்தில் எழுதப்படுவதாயினும், ஒவ்வோர் உயிருக்கும் தலையிலும் காலிலும் குறிகள். தவறினால் பொருள் மாறும். ஈயத் துண்டுகளோடு கிடந்து நெஞ்சு கெட்டுப்போனது என்றார் பாட்டி. அது பங்கீட்டுக் காலம். போர் முடிந்த பின்னரும் 1986 இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வரும்வரை அரிசி, இறைச்சி, துணி, சவர்க்காரம் எல்லாம் கூப்பனுக்கே. வரிசையிலே ஒரு செங்கல்லையோ கிழிந்த தொப்பியையோ தமக்குப் பதிலாக வைத்துவிட்டு வீட்டு வேலைக்கு ஓடுவார்களாம். துயரமுகம் காட்டுபவனைப் பார்த்து 'அரிசிக் கொப்பியைத் தொலைத்தவன் முகம்' என்று சொல்லும் வழக்கு அக்காலத்துப் பிறந்து இன்னும் வாழ்கிறது. கோப்பி என்று கிடைத்ததிலே வறுத்த சோளமும் சோயாவும் பாதி.

1981 இல் கடைசி மகனுக்கு ஒரு வயது நிறையவில்லை. பாட்டிக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தையின் கூப்பனுக்கு ரின்பால் வரும். அதைக் கரைத்துக் கொடுத்தே பிள்ளையை வளர்த்தார். இன்றைய மருத்துவர்கள் அதற்குச் சம்மதியார். அன்று வேறு வழியில்லை. கணவர் படுக்கையில். ஒரு காலை, எங்கிருந்தோ கொஞ்சம் கோப்பித் தூள் வந்தது. கணவர், "நௌ ஒன்று போட்டுத் தா" என்று கேட்டார். ரின்னிலே அடியில் கொஞ்சம் இருந்தது. அடுத்த கூப்பனுக்கு நாலு நாள். பாட்டி, "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கோப்பி கொடுத்தார். அவர் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அன்று இரவு மூச்சு முட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

இதைச் சொன்னபோது பாட்டி அழவில்லை. "நாளைக்கு என்றுதான் சொன்னேன்" என்பதை மாத்திரம் இரண்டு தரம் சொன்னாராம். இப்போது கடை நிறைய ரின்பால் இருக்கிறதே, நீங்கள் ஏன் விடுவதில்லை என்று பேத்தி கேட்டதற்கு, "எனக்குப் பழகிவிட்டது" என்பதே பதில். கணவரின் திவசம் சந்திரக் கணக்குப்படி, எங்கள் திதியைப் போலவே வரும். அன்று பீடத்தில் மண்ணிறக் கோப்பி ஒன்று கட்டாயம் இருக்கும். என்னுடைய குவளை நாள் தப்பி, முந்தி வந்துவிட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் ஆறு மணிக்குத் தயங்கித் தயங்கி இறங்கினேன். முக்காலி ஒன்று எனக்காக இழுத்து வைக்கப்பட்டிருந்தது. "ச்சாவ், நேற்று உன்னுடைய கோப்பி நன்றாக இருந்திருக்க வேண்டும்" என்றார். "குவளையில் குறைந்திருந்தது."

திரும்பும் முன் டொங் சுவான் சந்தையிலே ஒரு ஃபின் வாங்கிவந்து அவரிடம் காட்டினேன். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துவாரங்களை ஒரு கண்ணால் பார்த்து, இது ஆகாது, மாற்று என்றார். துவாரங்கள் பெரிது. இரண்டாவதுதான் தேறியது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

2022 ஆம் ஆண்டு இங்கே நாங்கள் பட்டதை நேயர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எரிவாயுச் சிலிண்டரை வரிசையிலே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனோம். செங்கல்லும் தொப்பியும் எனக்கு நினைவு வந்தன. பால்மா இல்லை. ஒருநாள் எப்படியோ ஒரு ரின்பால் அகப்பட்டது. விறகடுப்பிலே நீரைக் கொதிக்க வைத்து, கையிருந்த கோப்பித் தூளைப் போட்டு, அம்மாவுக்காக ஃபின்னை எடுத்தேன். அம்மா தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணத்தில், சீனியில்லாத நாட்களில் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்து எங்களை வளர்த்தவர். குவளையில் பால் விடப் போனேன். கையால் மறித்தார்.

"எனக்கு வேண்டாம் தம்பி. பிள்ளை பாணுக்குப் பூசித் தின்னும். வைச்சு விடு."

"அம்மா, இன்றைக்குக் குடியுங்கோ" என்றேன். என் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது போலும். பேத்தி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அம்மா வியப்போடு என்னைப் பார்த்தார். நான் இரண்டு மேசைக்கரண்டி நிறைய விட்டேன். சொட்டி முடியும்வரை அருகிலேயே நின்றேன். அம்மா குடித்தார். சரியான கசப்பு, ஆனால் தித்திப்பு என்றார். பிறகு, நான்கு நாளில் அந்த ரின் முடிந்தபோது, அதற்குள் சுடுநீர் விட்டுச் சுழற்றிக் குடித்துக்கொண்டிருந்ததையும் கண்டேன். நான் காணவில்லை என்று நினைத்திருப்பார்.